ஊராட்சி மேல்நிலைத் தொட்டி: கழுவுவதில் தொடங்கி தெருக்கோடிக் குழாயில் குளோரின் பார்ப்பது வரை

ஊராட்சி செய்யும் வேலைகளில் ஊராரின் உடம்போடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது குடிநீர். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை மூன்றும் ஒரே குழாய் வழியாக வீட்டுக்குள் வரக்கூடியவை. புதிதாகப் பொறுப்புக்கு வந்த ஊராட்சித் தலைவர், செயலர், வார்டு உறுப்பினர், தொட்டி இயக்குபவர் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. கீழே உள்ள எல்லாப் படிகளும் ஒரே எண்ணுக்காகத்தான்: தெருக்கோடியில் இருக்கும் கடைசிக் குழாயில் குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 கேட்பதும் அதைத்தான்.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

பிளீச்சிங் பவுடர், சமையலறை எலக்ட்ரானிக் தராசு, இரண்டு மூன்று பிளாஸ்டிக் வாளிகள், மரக் குச்சி, குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப் அல்லது டி.பி.டி. மாத்திரைப் பெட்டி, நைலான் பிரஷ், கயிறு, இடுப்புப் பெல்ட், ரப்பர் கையுறை, மூக்குக் கவசம், கண்ணாடி, ஒரு பதிவேடு. தராசை வாங்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. "ரெண்டு கை போடுவோம்" என்பது அளவு ஆகாது. ஆளுக்கு ஆள் கை மாறும், பவுடர் ஈரமாக இருந்தால் எடையும் மாறும்.

உலோக வாளி வேண்டாம், குளோரின் அரித்துவிடும். பவுடர் மூட்டையை மோட்டார் அறையில் வைக்கவும் கூடாது. ஸ்டார்ட்டர் பெட்டியின் செம்புக் காண்டாக்டுகள் பச்சை பூத்துக் கெட்டுப்போகும், அறைச் சூட்டில் பவுடரும் வீரியம் இழக்கும். இருட்டான, ஈரமில்லாத இடத்தில் மரப் பலகை மேல், உள் பாலித்தீன் பையை இறுகக் கட்டி வையுங்கள். மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்கிக் குவிக்காதீர்கள். கழிப்பறை ஆசிட் அதன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கும்.

இன்னொன்று. அமைச்சர் வரும்போது தெருவோரம் வெள்ளைக் கோடு போட வாங்குகிற மலிவுப் பவுடரில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். அந்த மூட்டை தொட்டிப் பக்கமே வரக் கூடாது. தயாரித்த மாதம் அச்சிட்ட, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள மூட்டையைத் தனியாக வாங்குங்கள்.

2. தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்று அளப்பது

தூணில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வட்டத் தொட்டியானால் உள்விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, நீர் நிற்கும் உயரத்தால் பெருக்கினால் கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். விட்டம் 4.5 மீட்டர், நீர் உயரம் 3.8 மீட்டர் என்றால் சுமார் 60,000 லிட்டர்.

நீர் உயரத்தை ஓவர்ஃப்ளோ குழாயின் வாய் வரைதான் எடுக்க வேண்டும், கூரை வரை அல்ல. தொட்டி தினமும் முழுதாக நிரம்புகிறதா என்பதையும் பாருங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைப் பொறுத்து முக்கால் தொட்டிதான் ஏறுகிறது என்றால் அந்த முக்காலுக்குத்தான் மருந்து, அதாவது பிளீச்சிங் பவுடர். ஒரு நாளில் இரண்டு முறை நிரப்பினால் இரண்டு முறையும் மருந்து போட வேண்டும். காலையில் போட்டுவிட்டு மாலை நிரப்பலை மறந்துவிடும் ஊர்கள் நிறைய. அங்கே மாலைத் தண்ணீர் பிடிப்பவர்களுக்குக் குளோரினே போய்ச் சேர்வதில்லை.

3. எவ்வளவு பவுடர்: வாளிச் சோதனை

பொதுவாகச் சொல்லப்படும் அளவு 1,000 லிட்டருக்கு 4 கிராம். 30,000 லிட்டருக்கு 120 கிராம், 60,000 லிட்டருக்கு 240 கிராம், ஒரு லட்சம் லிட்டருக்கு 400 கிராம். புதுப் பவுடரில் சுமார் 33 சதவீதம் குளோரின் இருக்கும் என்ற கணக்கில் வந்த அளவு இது. அப்படி இருந்தால் தண்ணீரில் 1.3 பி.பி.எம். சேரும். மூட்டை பழையதாகி 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதே 4 கிராம் 0.8 மட்டுமே தரும். தண்ணீரும் ஊருக்கு ஊர் வேறு. இரும்புச் சத்து, பாசி, கலங்கல் எல்லாம் குளோரினைத் தின்றுவிடும். ஆகவே 4 கிராமை ஆரம்பப் புள்ளியாக மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் பவுடரையும் உங்கள் தண்ணீரையும் சேர்த்துச் சோதியுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் பவுடரைக் கரைத்துப் பத்து நிமிடம் தெளிய விடுங்கள். நான்கு வாளிகளில் மருந்து சேராத உங்கள் போர்வெல் தண்ணீரைத் தலா 20 லிட்டர் பிடியுங்கள். மருந்துக்கடை சிரிஞ்சால் தெளிந்த நீரை உறிஞ்சி முதல் வாளிக்கு 1 மி.லி., இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 4 என விட்டுக் கலக்கி, நிழலில் மூடி வையுங்கள். அரை மணி நேரம் கழித்து ஒவ்வொன்றிலும் குளோரின் பாருங்கள்.

ஒவ்வொரு மி.லி.யும் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 2 கிராம் பவுடருக்குச் சமம். எந்த வாளியில் 0.5 பி.பி.எம். அளவு மிஞ்சுகிறதோ அதுதான் உங்கள் அளவு. மூன்றாவது வாளி என்றால் 1,000 லிட்டருக்கு 6 கிராம். பவுடரின் சதவீதம் தெரியாமலேயே இந்தக் கணக்கு சரியாக வரும், அதுதான் இதன் வசதி. நான்காவது வாளியிலும் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் மூட்டை செத்துப்போயிருக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அழுக்கு அதிகம் இருக்க வேண்டும். புது மூட்டையோடு திரும்பச் செய்தால் எது என்று தெரிந்துவிடும். மூட்டை மாறும்போதும், மழைக்காலம் தொடங்கியதும் இதை மறுபடி செய்யுங்கள்.

கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் குளோரின் சேர்த்தே வரும். அதற்கு வந்து விழும் இடத்தில் முதலில் அளந்து, குறைவதற்கு மட்டும் போட்டால் போதும்.

4. கழுவும் நாளுக்கு முந்தின நாள்

மேல்நிலைத் தொட்டிகளை மாதம் இருமுறை, 5, 20 தேதிகளில் கழுவுவது தமிழக ஊராட்சிகளில் நடைமுறை. முந்தின நாள் மாலையே தண்டோரா அல்லது ஒலிபெருக்கி மூலம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தினால் அன்றைக்கு ஜனங்கள் மூடியில்லாத கிணற்றுக்குப் போவார்கள், கழுவிய பலன் அங்கேயே போய்விடும்.

அன்று இரவு மோட்டார் போடாதீர்கள். காலை விநியோகத்திலேயே நீர் ஒன்றரை அடிக்கு இறங்கட்டும். முழுத் தொட்டியைத் தெருவில் திறந்துவிடுவது வீண்.

5. தொட்டியைக் கழுவுதல்

முதல் வேலை மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது. உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் யாராவது சுவிட்சைத் தட்டிவிடுவது நடக்கக்கூடியதுதான். அடுத்து ஊருக்குப் போகும் வால்வை மூடி, ஸ்கவர் வால்வு எனப்படும் கழிவு வால்வைத் திறங்கள். இந்த வரிசை மாறினால் கலங்கிய சேறு நேராக ஊர்க் குழாய்க்குள் இறங்கும்.

மேன்ஹோல் மூடியைத் திறந்து குறைந்தது அரை மணி நேரம் காற்றாட விடுங்கள். உள்ளே ஒருவர், மேலே கயிற்றைப் பிடித்தபடி ஒருவர். தனி ஆளாக இறங்கவே கூடாது. ஏணியின் கம்பிப் படிகள் துருப்பிடித்து உள்ளே அறுந்திருக்கும், ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக் கால் வைக்கச் சொல்லுங்கள். மழையோ இடியோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காலில் புண் உள்ளவர் இறங்கக் கூடாது. இறங்குபவர் கால் கழுவிவிட்டு, வெற்றிலை புகையிலை இல்லாமல் இறங்க வேண்டும்.

கூரை, சுவர், தரை என்ற வரிசையில் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் கழுவின தரையில் மேல் அழுக்கு விழும். கம்பி பிரஷ் பூச்சைப் பெயர்த்துவிடும், அந்தக் கீறலில்தான் அடுத்த பாசி பிடிக்கும். சோப்புத்தூளும் வேண்டாம். நுரை முழுவதும் போகக் கழுவ அரைத் தொட்டித் தண்ணீர் வேண்டியிருக்கும்.

சேறு வெளியேறியதும் 20 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரைச் சுவரிலும் தரையிலும் பூசிவிட்டு ஆள் உடனே மேலே வந்துவிட வேண்டும். மூடிய இடத்தில் அந்த நெடி மூச்சை அடைக்கும். மேலிருந்து பூச முடிந்த பகுதியை மேலிருந்தே பூசலாம். அரை மணி நேரம் கழித்து இரண்டு முறை அலசிக் கழிவு வால்வு வழியாக வெளியேற்றுங்கள்.

கீழே இறங்குமுன் மூடி இறுக உட்காருகிறதா, காற்றுக் குழாயிலும் ஓவர்ஃப்ளோ வாயிலும் கொசு வலை இருக்கிறதா என்று பாருங்கள். வலை கிழிந்திருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். புறா, ஓணான் விழுந்து செத்துக் கிடப்பதும் இதே வழியில்தான்.

6. கரைசல் தயாரித்தல்

பவுடரைப் பொட்டலமாகத் தொட்டிக்குள் கொட்டுவதைப் பல ஊரில் பார்க்கலாம். கட்டி கட்டியாக அடியில் போய் உட்கார்ந்து, பாதி குளோரின் கரையாமலே வீணாகும். சுண்ணாம்பு சேர்ந்து தண்ணீர் கடினமாகும், கழுவின தரையில் வெள்ளைப் படிவம் நிற்கும்.

ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோசை மாவு பதத்துக்குக் குழைத்துக் கட்டிகளை உடைத்துவிடுங்கள். பிறகு முக்கால் வாளி வரை தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். தெளிந்த நீரை வேறு வாளிக்கு மாற்றி அதை மட்டும் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். அடிச் சுண்ணாம்பைக் குழியில் புதைக்கலாம், கிணற்றிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். 240 கிராம் வேண்டும் என்றால் மூன்று வாளி. முதல் நாளே கரைத்து வைப்பதில் லாபம் இல்லை, விடிவதற்குள் வீரியம் குறையும்.

7. ஊற்றும் நேரம்

கால் தொட்டி நிரம்பியதும், தண்ணீர் வந்து விழும் இடத்துக்கு நேரே ஊற்றுங்கள். பிறகு ஏறும் முக்கால் தொட்டித் தண்ணீரே கலக்கிவிடும். நிரம்பிய தொட்டியில் ஊற்றினால் ஒழுங்காகக் கலக்காது. முதலில் இறங்கும் தண்ணீரில் மருந்து இருக்காது, பிறகு இறங்குவதில் மூக்கைத் துளைக்கும். "இன்னிக்கு மருந்து வாடை தாங்க முடியல" என்று ஒரு தெருவும், "எங்களுக்கு மருந்தே வரல" என்று இன்னொரு தெருவும் ஒரே நாளில் புகார் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நிரம்பிய பின் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு வால்வைத் திறங்கள். கிருமி சாக அந்த நேரம் தேவை. மோட்டார் ஓட ஓடவே ஊருக்குத் திறந்துவிடும் பழக்கம் இருந்தால் மற்ற எல்லாப் படிகளும் வீண். மின்சார நேரத்துக்கு ஏற்ப விநியோக நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். மோட்டாரிலிருந்து தொட்டிக்குப் போகாமல் நேரடியாகத் தெருவுக்குப் போகும் பைபாஸ் இணைப்பு எங்காவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தெருவுக்கு மருந்தே போகாது.

கழுவிய நாளோடு மருந்து முடிந்துவிடுவதில்லை. கழுவுவது மாதம் இருமுறை, குளோரின் ஒவ்வொரு நிரப்பலுக்கும்.

8. குழாயில் அளப்பது

மூன்று இடத்தில் பாருங்கள்: தொட்டிக்குக் கீழே, ஊர் நடுவில், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில். தொட்டியடிக் குழாயில் மட்டும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது சுலபம், ஆனால் அங்கே எப்போதும் நல்ல எண்தான் வரும்.

குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பிடித்த இடத்திலேயே, நிழலில், உடனே பாருங்கள். பாட்டிலில் எடுத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் வழியிலேயே குளோரின் குறைந்துவிடும்.

குளோரோஸ்கோப்பில் ஓ.டி. (ஆர்த்தோடொலிடின்) என்ற சோதனைத் திரவம் விட்டால் மஞ்சள் நிறம் வரும். பத்து விநாடிக்குள் தெரியும் நிறம்தான் கிருமியைக் கொல்லும் தனிக் குளோரின். நின்று நிதானமாகப் பார்த்தால் மஞ்சள் கூடிக்கொண்டே போகும், இல்லாத குளோரினை இருப்பதாகக் காட்டும். அந்தத் திரவம் கையில் படக் கூடாது. புதிதாக வாங்குவதென்றால் டி.பி.டி. மாத்திரை வாங்குங்கள், அதில் இளஞ்சிவப்பு வரும். டி.பி.டி.யிலும் ஒரு பொறி உண்டு: குளோரின் மிக அதிகமாக இருந்தால் வந்த சிவப்பு அப்படியே வெளுத்து, ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, ஆனால் நிறம் வரவில்லை என்றால், ஒரு பங்கு தண்ணீருக்கு நான்கு பங்கு குளோரின் இல்லாத தண்ணீர் சேர்த்துப் பார்த்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

தெருக்கோடிக் குழாயில் 0.2 முதல் 0.5 வரை இருந்தால் நல்லது. தொட்டியடியில் 2ஐத் தாண்ட விடாதீர்கள். வாடை பிடிக்காமல் ஜனங்கள் குழாயை விட்டுவிட்டுக் கிணற்றுக்குப் போவார்கள். மருந்து போட்டதும் தண்ணீர் பழுப்பாக மாறினால் பவுடர் கெட்டது என்று நினைக்க வேண்டாம். தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு துருவாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பு இவற்றைக் குளோரின் ஒன்றும் செய்யாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் போர்வெல்களுக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகச் சோதனைதான் வழி.

9. கோடிக் குழாயில் பூஜ்யம் வந்தால்

உடனே பவுடரைக் கூட்டாதீர்கள். தொட்டியடியில் 1, கோடியில் 0 என்றால் நடுவில் ஏதோ ஒன்று குளோரினைத் தின்கிறது. அதிகப் பவுடர் போட்டு அதை மூடிமறைத்தால் தொட்டிப் பக்கத்து வீடுகளுக்கு வாடை கூடும், ஓட்டை அப்படியே இருக்கும். ஒவ்வொரு தெருவின் முதல் குழாயிலும் வரிசையாக அளந்துகொண்டே போங்கள். எண் திடீரென விழும் இரண்டு குழாய்களுக்கு நடுவில்தான் கோளாறு.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது சாக்கடையைக் கடக்கும் குழாய்களை. நாளெல்லாம் தண்ணீர் வரும் ஊர் குறைவு. காலையில் ஒரு மணி நேரம் விட்டு நிறுத்தியதும் குழாய்க்குள் இருந்த தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும், மேட்டுப் பகுதியில் குழாய் காலியாகி உறிஞ்சத் தொடங்கும். சாக்கடைக்குள் முழுகிக் கிடக்கும் ஒரு தளர்ந்த ஜாயின்ட் போதும், அழுக்கு உள்ளே போய்விடும். அடுத்த நாள் முதல் ஐந்து நிமிடம் வரும் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று அந்தத் தெருப் பெண்கள் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அளவுப் பெட்டியைத் திறக்குமுன் அவர்களைக் கேளுங்கள்.

அடுத்தது குழாய்க் குழி. அழுத்தம் குறைவு என்பதற்காக வாசலில் இரண்டு அடி தோண்டி, பைப்பைத் தாழ்வாக அறுத்து, குடம் வைத்துப் பிடிப்பார்கள். குழியில் தேங்கும் தண்ணீரில் செருப்புக் காலும், பாத்திரம் கழுவின நீரும், கோழியும் இறங்கும். தண்ணீர் நின்றதும் குழாய் வாய் அந்தக் குழிநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழியை மூடச் சொன்னால் சண்டைதான் வரும், ஏனென்றால் குழி தோண்டவைத்தது அழுத்தக் குறைவு. தெருவுக்குத் தெரு வால்வு வைத்து முறை வைத்து விட்டால் அழுத்தம் கூடும். குழாயை ஒன்றரை அடி உயர்த்திச் சிமெண்ட் மேடை கட்டிக்கொடுத்த பிறகு மூடச் சொல்லுங்கள், மூடுவார்கள்.

மூன்றாவது, இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. ஒரு வீட்டு மோட்டார் பக்கத்து வீட்டு ஓட்டை வழியாகச் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும். இதில் தயவு பார்க்க வேண்டியதில்லை. ஊராட்சி அறிவிப்பு கொடுத்து, கேட்காவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம்.

ஓட்டை எதுவும் இல்லையென்றால் கடைசிக் குழாயின் முனை மூடியைக் கழற்றிப் பத்து நிமிடம் வேகமாகத் திறந்துவிடுங்கள். முட்டுச் சந்தில் தேங்கிய வண்டல் வெளியே வரும். மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. இவ்வளவும் செய்தும் எண் ஏறாவிட்டால்தான் பவுடரைக் கூட்ட வேண்டும்.

10. பதிவேடு

தேதி, நிரப்பிய நேரம், பவுடர் கிராம், திறந்த நேரம், மூன்று இடத்துக் குளோரின் அளவு, கையொப்பம். தொட்டித் தூணில் கழுவிய தேதியைப் பெயிண்டில் எழுதுங்கள். எல்லா நாளும் எல்லா இடத்திலும் 0.2 என்று எழுதியிருந்தால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். உண்மையான அளவு மேலும் கீழும் ஆடும். பதிவேட்டைக் கிராம சபையில் வாசியுங்கள். தன் தெரு எண் என்ன என்று ஒருவர் கேட்கத் தொடங்கினால் போதும், அடுத்த முறை அளக்காமல் எழுத யாருக்கும் கை வராது.

11. ஒரே தெருவில் வயிற்றுப்போக்கு வந்தால்

இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல வந்தாலே கிராம சுகாதார செவிலியருக்கும் சுகாதார ஆய்வாளருக்கும் சொல்லிவிடுங்கள். பயந்து மறைப்பதில் போகும் ஒவ்வொரு நாளும் நோயாளிகளைக் கூட்டும்.

பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது தொட்டியில் மருந்தை அள்ளிப் போடுவது. அதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும். குளோரின் போட்ட பிறகு எடுத்தால் ஆய்வகம் "நல்ல தண்ணீர்" என்று சொல்லும், எங்கிருந்து வந்தது என்பது கடைசி வரை தெரியாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் மருந்தை அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். மாதிரியில் உள்ள குளோரினை முறிப்பதற்காக வைத்தது அது.

பிறகு அந்தத் தெரு வால்வை மூடி, லாரியில் தண்ணீர் கொடுங்கள். லாரித் தண்ணீருக்கும் மருந்து உண்டு: 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் 48 கிராம், கரைத்துத் தெளியவைத்து, லாரி நிரம்பும்போதே. வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரிக்கக் கூடாது. நினைவு மங்கினாலோ சிறுநீர் நின்றாலோ 108. மற்ற ஆலோசனைக்கு 104.

ஓட்டையை அடைத்து, குழாயை அலசி, கோடிக் குழாயில் 0.5 பி.பி.எம். வந்த பிறகே வால்வைத் திறங்கள். திறந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு அந்தத் தெருவில் தினமும் அளக்க வேண்டும். அடைத்த ஜாயின்ட் மறுபடி கசிந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த எண்தான்.